மண்ணுக்கேற்ற மராமத்து

திருநெல்வேலியிலிருந்து ராஜபாளையம் போகும் நெடுஞ்சாலையின் இடைவழியில் இருக்கும் சங்கரன்கோவில், ஆடித் தபசினாலும், கோமதியம்மன் கோயிலின் புற்றுமண்ணினாலும், விசைத்தறிகளினாலும், பூச்சந்தையினாலும் பெயர் பெற்ற ஊர்; 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் தென்காசி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது. இவையெல்லாம் யாத்திரிகர்களுக்கும் வியாபாரிகளுக்கும் உதவும் செய்திகள். கார் வைத்திருப்பவர்கள் இவ்வூரைப் பற்றி அறிந்திருக்க வேண்டியது வேறொன்று. இங்கிருந்து கிழக்கே கழுகுமலை, கோவில்பட்டி என்று செல்லச் செல்லக் கரிசல் பூமி விரிகிறது. மேற்கே புளியங்குடிப் பக்கம் திரும்பினால் செம்மண்ணும் மலையடிவாரமும் தொடங்குகின்றன. இன்னும் மேற்கே செங்கோட்டையைத் தாண்டினால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வந்துவிடுகிறது. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு கார்களில் ஒன்று பெரும்பாலும் கிழக்கேயும் மற்றொன்று பெரும்பாலும் மேற்கேயும் ஓடிக்கொண்டிருக்குமானால், சில வருஷங்களில் அவ்விரண்டும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நிற்கும் காரணங்கள் வெவ்வேறாகவே இருக்கும்.

வண்டியோடு கம்பெனி கொடுக்கும் கையேடு இந்த வேற்றுமைகளைப் பற்றி விரிவாகப் பேசுவதில்லை. இன்னின்ன கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்னின்னதை மாற்றுக என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கடும் உஷ்ணம், தூசி, குறுகிய தூர ஓட்டம், அதிக பாரம் முதலிய கடினமான நிலைமைகளில் ஓடும் வண்டிகளுக்கு அந்தக் கெடுவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு மூலையில் குறிப்பு எழுதியிருக்கும். மற்றவர்களுக்கு விதிவிலக்காக எழுதப்பட்ட அந்தக் குறிப்புத்தான் நம் பக்கத்துக் கார்களுக்கு விதி என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் உஷ்ணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பங்குனி பிறந்துவிட்டால், "வண்டி ஹீட் ஆகுது, அண்ணாச்சி" என்ற புகார் ஒர்க்‌ஷாப்புகளில் கேட்கத் தொடங்கிவிடும். என்ஜினுக்குள் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே, சில சமயம் அதற்கும் குறைவாகவே, சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றதெல்லாம் உஷ்ணமாக மாறி, ஒரு பகுதி சைலன்ஸர் வழியாகவும் மற்றொரு பகுதி ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். என்ஜினைச் சுற்றி ஓடும் நீர், 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரையில் சூடானதும், தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவு திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்ப, அங்கே காற்றுப்பட்டு ஆறி அது மறுபடியும் என்ஜினுக்குத் திரும்புகிறது. வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் சித்திரை மாதத்து மத்தியானத்தில், அந்த நீரை ஆற்றும் வேலை எவ்வளவு சிரமமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த ஏற்பாட்டில் மிகவும் அலட்சியமாகக் கருதப்படும் உறுப்பு, ரேடியேட்டரின் மூடி. சாதாரண ஜலம் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். ஆனால் குக்கரின் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதைப்போல, ரேடியேட்டர் மூடியின் வில்லும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தை உள்ளே நிறுத்தி வைப்பதனால், நீர் 120 டிகிரியை நெருங்கும் வரையில் கொதிக்காமல் இருக்கிறது. அந்த வில் தளர்ந்துபோனாலும், அடியிலுள்ள ரப்பர் வளையம் வெடித்துப் போனாலும், மற்ற உறுப்புகள் யாவும் புதிதாக இருந்தும் வண்டி கொதிக்கும். சொற்ப விலையுள்ள மூடியை மாற்றாமல் ரேடியேட்டரையே கழற்றிப் பார்க்கும் விபரீதமும் நேர்ந்துவிடுகிறது. இந்த மூடியின் சரித்திரத்தில் நம் சீமைக்கும் ஒரு பங்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் ஊன்றிய மோட்டார்த் தொழிலிலிருந்து கிளைத்த சுந்தரம் ஃபாஸனர்ஸ் கம்பெனி, 1990-களில், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடிகளைச் செய்து அனுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. தாமிரபரணிச் சீமையில் பிறந்த ஒருவரின் வழிவந்த தொழில், கடல் கடந்த தேசத்துக் கார்களைக் கொதிக்காமல் காத்துவருவது நாம் பெருமைப்படத்தக்க விஷயம்.

மூடிக்கு அடுத்தது, அதற்குள்ளே ஊற்றும் நீர். வழியில் வண்டி சூடானால், அருகிலுள்ள தோட்டத்துக் கிணற்றிலிருந்தோ ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்தோ ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டு புறப்படுவது நம் பக்கத்து வழக்கம். அந்த நேரத்து ஆபத்துக்கு அது உதவும். ஆனால் உப்புச் செறிந்த அந்தக் கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீஷியமும், வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதைப்போலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, நாளடைவில் அவற்றை அடைத்துவிடும். கூலண்ட் என்று விற்கப்படும் திரவத்தில் முக்கியமாக இருப்பது எத்திலீன் கிளைக்கால். வாலைவடி நீரோடு சரிபாதியாகக் கலக்கப்படும் அது, கொதிநிலையை உயர்த்துவதோடு, துருவும் உப்பும் படியாமலும் காக்கிறது. குளிர்நாட்டில் நீர் உறையாமல் இருப்பதற்கென்று செய்யப்பட்ட பொருள் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் திரவத்தின் பாதி உபயோகம் நம்முடைய உஷ்ணத்துக்காகவே ஏற்பட்டது.

உஷ்ணத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்குவதைக் கண்டால், உடனே ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிட வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு அது சித்திரவதையாக இருக்கும், ஆனால் என்ஜினின் உஷ்ணத்தில் ஒரு பகுதி அவ்வழியாக வெளியேறும். பின்பு நிழலில் ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டு, அரைமணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். சூடான நிலையில் மூடியைத் திறப்பது மகா ஆபத்து: அழுத்தம் விடுபட்ட அந்தக் கணத்திலேயே உள்ளேயுள்ள நீரில் ஒரு பகுதி குபீரென்று ஆவியாகி, கொதிநீரோடு முகத்திலும் கையிலும் அடிக்கும். சூடேறிய என்ஜினின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது. அலுமினியத்தாலான ஹெட் திடீரென்று சுருங்கி வளைந்துபோகும். இவ்வளவையும் மீறி ஓட்டிக்கொண்டே போனவர்களின் வண்டியில் ஹெட் கேஸ்கெட் எரிந்துபோய், சைலன்ஸரில் வெள்ளைப் புகையும் ஆயிலில் பால் கலந்தாற்போன்ற நிறமும் தென்படும். ஆற அமர நின்றிருந்தால் கொஞ்ச நேரத்தோடு போயிருக்கும் சங்கடம், என்ஜினைப் பிரிக்கும் செலவாக முடிகிறது.

இதே உஷ்ணம் பாட்டரியின் ஆயுளையும் குறைக்கிறது. பாட்டரி குளிரில் கெடும் என்பது சீதள தேசங்களின் அனுபவம். நம் பக்கத்தில் அது கெடுவது கோடையில். உஷ்ணம் ஏற ஏற உள்ளேயுள்ள ரசாயனக் கிரியைகள் தீவிரமாகி, ஈயத் தகடுகள் அரிக்கப்பட்டு, நீரும் வற்றுகிறது. காலையில் "செல்ஃப் எடுக்கல" என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். விளக்கு மங்கி, உள்ளே டகடகவென்ற சப்தம் மட்டும் கேட்டால் பாட்டரி இறங்கிவிட்டது. விளக்கு பிரகாசமாகவே இருக்க, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் குற்றம் செல்ஃப் மோட்டாரிலோ அதன் இணைப்பிலோ இருக்கலாம். நிறைந்த பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையே இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். பாட்டரி கடையில் இதைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

சங்கரன்கோவிலிலும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும் மற்றொரு ரகமான பாட்டரிச் சங்கடமும் உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ உத்தியோகம் பார்க்க, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில், பொங்கலுக்கும் ஆடித் தபசுக்கும் மட்டுமே எடுக்கப்படும் கார் மற்ற மாதங்களில் திண்ணையோரம் உறையிட்டு நிற்கிறது. அது ஓடாமல் நின்றாலும், பூட்டு, கடிகாரம், கம்ப்யூட்டர் முதலியவை சிறிது சிறிதாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருப்பதனால் சில வாரங்களில் பாட்டரி தீர்ந்துவிடும். தினமும் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதால் பிரயோஜனம் இல்லை. ஸ்டார்ட் செய்ய எடுத்துக்கொண்ட மின்சாரம் அந்த ஐந்து நிமிஷத்தில் திரும்பி வருவதே அரிது. வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் வெளியே ஓட்டி வருவதே சரி; அது முடியாவிட்டால் பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவைக்கலாம். ஹேண்ட்பிரேக்கைப் போட்டபடி மாதக்கணக்கில் விட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பது நலம். எலிகள் வயரைக் கடிப்பதும் இத்தகைய வண்டிகளில்தான் அதிகம்.

அடுத்த வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்து ஸ்டார்ட் செய்யும்போது, இரண்டு பாட்டரிகளின் பிளஸ் முனைகளை முதலில் இணைத்து, பிறகு நல்ல பாட்டரியின் மைனஸிலிருந்து வரும் கம்பியை, இறங்கிய பாட்டரியின் முனையில் அல்லாமல், அந்த வண்டியின் என்ஜினில் சற்றுத் தள்ளியுள்ள வெற்று இரும்பில் மாட்டவேண்டும். ஏனென்றால் கடைசி இணைப்பில் பொறி பறக்கும்; பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது.

டயருக்கு வருவோம். இந்தப் பிரதேசத்துச் சாலையோரங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் புதர்புதராக மண்டியிருக்கும் சீமைக்கருவேலத்தின் முள், பஞ்சர் கடைக்காரர்களுக்கு மிகவும் பரிச்சயமானது. பழைய டியூப் டயரில் முள் ஏறினால் காற்று உடனே இறங்கி, ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். இன்றைய டியூப் இல்லாத டயரிலோ, முறிந்த முள் தானே துவாரத்தை அடைத்துக்கொண்டு உள்ளேயே தங்க, காற்று நாளுக்குச் சிறிதாக யாரும் அறியாமல் கசிகிறது. இதுவே அதிக ஆபத்து. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதனால் அது உள்ளுக்குள்ளே சூடேறிக்கொண்டிருக்கும். கோடை மத்தியானத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரிக்கு மேலும் போகும். காரில் ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் நிறைந்திருந்தால், நாற்கரச் சாலையின் வேகத்தில் டயர் வெடிப்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. வெடித்துவிட்டால் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து நேராக விட்டு, வேகம் தானாகக் குறையும் வரையில் பொறுத்து ஓரங்கட்ட வேண்டும்.

காற்றை அளக்க வேண்டியது காலையில், வண்டி ஓடுவதற்கு முன். எவ்வளவு வேண்டும் என்பது பல கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் சீட்டில் எழுதியிருக்கிறது. சிறு கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 33 பவுண்டு வரை இருக்கும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடியிருப்பதைக் கண்டு காற்றைப் பிடுங்கிவிடுவது தவறு. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு அது செய்யப்பட்ட வாரத்தையும் பின்னிரண்டு வருஷத்தையும் குறிக்கும். அதிகம் ஓடாத வண்டியின் டயர், பட்டன் தேயாமலே, வயதினால் வெடிப்புக் கண்டிருக்கும். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றியாக வேண்டும் என்பது சட்டம்.

மாட்டுவண்டிகள் நிறைந்திருந்த காலத்தில் சாலையில் உதிர்ந்து கிடந்த லாட ஆணிகளால் பஸ்களுக்கு ஓயாமல் பஞ்சர் ஏற்படவே, சுந்தரம் ஐயங்கார் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை முன்னால் அனுப்பி ஆணிகளைப் பொறுக்க ஏற்பாடு செய்தார் என்று மோட்டார்த் தொழிலில் இருந்த பெரியவர்கள் சொல்வதுண்டு. சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்கக் காந்தம் உதவாது. சாலையோரப் புதர்களை வேரோடு அகற்றினால்தான் உண்டு.

கிழக்கே போகும் சாலைகளின் விசேஷம் கரிசலால் வருவது. கரிசல் மண்ணிலுள்ள நுண்ணிய களி மழையில் நீரை உறிஞ்சி உப்பவும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கவும் செய்கிறது. அதன் மேல் போட்ட சாலை, ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையே ஏறி இறங்கி, மேடும் பள்ளமுமாக அலைபோல் நெளிந்துவிடுகிறது. பாலங்களை ஒட்டிய இடங்களில் இந்தத் தாழ்வு நன்றாகத் தெரியும். குழிகளைப்போல் கண்ணுக்குத் தெரியாததால் டிரைவர் வேகத்தைக் குறைப்பதில்லை; ஷாக் அப்சார்பரும், கீழேயுள்ள ரப்பர் புஷ்களும், பால் ஜாயிண்ட்டுகளும் அந்த அடிகளை வாங்கிக்கொள்கின்றன. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பார்த்தால், ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடுமானால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது. "ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குது" என்றால், அலைன்மென்ட்டுக்குப் போகும் முன் நான்கு டயர்களின் காற்றும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது செலவைக் குறைக்கும்.

அறுவடைக் காலத்தில் இதே சாலைகளில் உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு முதலியவற்றைச் செடியோடு பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தால் மிதிபட விடுவது வழக்கம். காய்ந்த கொடிகள் காரின் அடியில் சுற்றிக்கொண்டு, டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறையைக் கிழிக்கின்றன. பல நூறு டிகிரி சூட்டிலிருக்கும் சைலன்ஸர்க் குழாயில் சிக்கினால் தீப்பிடித்துக்கொள்ளவும் செய்யும். அப்படிப்பட்ட இடத்தை மெதுவாகக் கடந்து, சிறிது தூரத்தில் நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்துச் சுற்றியதை எடுத்துவிட வேண்டும். காய்ந்த சருகின் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. குடியானவர்களைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. போதிய உலர்களம் ஊர்தோறும் கட்டிக் கொடுத்திருந்தால் அவர்கள் உயிரைப் பணயம் வைத்து நடுச்சாலையில் தானியத்தைக் கூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனி, ஆடிக் காற்று கிளப்பும் புழுதியோடு இந்தப் பயற்றுத் தூசியும் சேர்ந்து ஏர் ஃபில்ட்டரை அடைப்பதுதான் "வண்டி இழுக்கல, மைலேஜும் கொடுக்கல" என்பதற்கு முதலில் பார்க்கவேண்டிய காரணம்.

மேற்கே குற்றாலத்துக்கும் அதைத் தாண்டிக் கொல்லத்துக்கும் போகிறவர்களுக்கு வேண்டிய எச்சரிக்கை வேறு. புளியரையின் எஸ் வளைவிலும் ஆரியங்காவுக் கணவாயிலும் இறங்கும்போது பிரேக்கின் மேலேயே காலை வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு, திடீரென்று பெடல் பஞ்சுபோல அமுங்கி, "பிரேக் பிடிக்கல" என்ற நிலை ஏற்படுகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெள்ள மெள்ள உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காமலிருக்க வேண்டிய டாட் 3 ரக ஆயில், ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்து உண்டாகும் ஆவி அமுங்கிக்கொடுப்பதால், காலின் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றுவதும், எந்தக் கியரில் மலை ஏறினோமோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குவதும் இதற்குப் பரிகாரம். என்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்குவதால் மிச்சமாகும் பெட்ரோல் ஒன்றுமில்லை. இன்றைய என்ஜின்கள் கியரில் இறங்கும்போது தாமே பெட்ரோலை நிறுத்திவிடுகின்றன.

இதுவரை சொன்னவையெல்லாம் கண்ணாலும் காதாலும் கையாலும் அறியக்கூடிய கோளாறுகள். அம்பாஸடர் காலத்தில் ஏறக்குறைய எல்லாக் கோளாறுமே அப்படித்தான் இருந்தன. பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தும், கார்பரேட்டர் சப்தத்தைக் கேட்டும் குற்றத்தைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் சிற்றூர்தோறும் இருந்தார்கள். 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியின் கீழ் வரும் கார்களில், புகையை அளக்கவும் சுத்திகரிக்கவும் ஏற்பட்ட கருவிகள் பல. டீசல் கார்களின் புகைக்குழாயிலுள்ள வடிகட்டி, சேரும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள ஏறக்குறைய 600 டிகிரி உஷ்ணம் வேண்டும். பஜாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது கிட்டாமல் வடிகட்டி அடைத்து, டிரைவருக்கு முன்னுள்ள எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கு எரிந்த ஆரம்பத்திலேயே திருநெல்வேலிச் சாலையில் இருபது, முப்பது நிமிஷம் ஒரே சீராக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பார்க்காமல் விட்டவர்களுக்குச் செலவு பெரிது.

அந்த விளக்கின் காரணத்தை அறிய ஸ்கேனர் வேண்டும். கடைவீதி மெக்கானிக்குகளில் பலர் சொந்தப் பணத்தில் அதை வாங்கி, யாரும் கற்பிக்காமலே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்; என்றாலும் சாதாரண ஸ்கேனர் என்ஜினின் பொதுவான குறியெண்களை மட்டும் காட்டுவதால், ஏர்பேக், ஏ.பி.எஸ். போன்றவற்றின் கோளாறுக்கு வண்டியைத் திருநெல்வேலி வரை கொண்டுபோக நேர்கிறது. மராமத்துக்கு வேண்டிய கையேடுகளும் தகவல்களும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான தளம் ஒன்றைத் தொடங்கிற்று. மோட்டார் வாகனங்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கம்பெனிகள் தாமே முன்வந்து சேரவேண்டும் என்ற அளவில் நிற்காமல், அது கட்டாயச் சட்டமாகி, அந்தக் கையேடுகள் தமிழிலும் வரவேண்டும். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்துவரும் பையன் தன் ஊரிலேயே கடை வைத்துப் பிழைப்பதற்கு இதைக் காட்டிலும் பெரிய உதவி வேறில்லை.

அது வரும்வரையில் வண்டிக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விளக்கு எரிந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், ஸ்கேனர் காட்டும் குறியெண்ணை அழிப்பதற்கு முன் அதை பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த மாதம், எந்தச் சாலையில், எவ்வளவு தூரம் ஓடியபின் எரிந்தது என்பதையும் அதனருகே குறித்துக்கொண்டால், அடுத்த மெக்கானிக் எந்த ஊரில் இருந்தாலும், பாதி வேலை அவருக்கு முன்பே முடிந்திருக்கும்.